ஜாங்கோதாங்கில் ஓர் இரவு: பூடான் சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பூடான் சுற்றுலாத் துறையினருக்கு,

வணக்கம். உங்கள் ஜொமொல்ஹரி மலையை ஒட்டிய நடைப்பாதையில் நடந்துவிட்டு வந்தவன் எழுதுகிறேன். குறை சொல்ல வரவில்லை என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆனால் நான் ஒரு குறையோடுதான் வந்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஆறு பேர். பாரோவில் 2,200 மீட்டர் உயரத்தில் கண்விழித்தோம்; அன்றிரவு தாங்தாங்காவில் 3,600 மீட்டரில் படுத்தோம். மறுநாள் இரவு ஜாங்கோதாங், 4,000 மீட்டருக்கும் மேலே. அதற்கடுத்த காலையே 4,870 மீட்டர் நைலே லா கணவாயைத் தாண்டுவதாகத் திட்டம். 3,000 மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். எங்கள் திட்டத்தில் தங்கும் நாளே இல்லை.

ஜாங்கோதாங்கில் குழுவிலிருந்த பெண்மணி ஒருவருக்குத் தலைவலி. குடித்த இஞ்சித் தேநீர் அப்படியே வெளியே வந்துவிட்டது. எங்கள் வழிகாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தார். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டுமாம். அந்தப் பெண்மணியின் விரலைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் மாட்டினார். எண்ணைப் பார்த்தார், எங்களிடம் சொல்லவில்லை. "நாளைக்கு இவங்க ஏற வேண்டாம்" என்றார், அவ்வளவுதான்.

எல்லோருமாக ஒரு நாள் தங்கிப் பார்த்திருக்கலாம். எப்படித் தங்குவது? விசாவும், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் உங்கள் அரசுக்குக் கட்டும் சுற்றுலாக் கட்டணமும் இத்தனை இரவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்கியவை. காலையில் அந்தப் பெண்மணி ஒரு உதவியாளரோடு குதிரையில் கீழே இறங்கினார். நாங்கள் ஐந்து பேர் கணவாய் ஏறினோம்.

ஓய்வு நாளை வெட்டியது பயண நிறுவனம். வெட்ட வைத்தது எங்கள் பேரம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தியன் என்பதால் இரவுக்கு 1,200 ரூபாய் எனக்குப் பெரிதில்லை. டாலர் கட்டுகிறவர்களுக்கு அதுவே 100 டாலர். சமையல்காரர், குதிரைக்காரர் கூலி வேறு. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது 'சும்மா இருக்கும்' அந்த நாள்தான்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிகரங்களில் ஏறவே கூடாது என்று 2003-இல் தடை போட்ட நாடு, நடக்க வருகிறவர்களிடம் பணம் கேட்பதில் தப்பில்லை. நான் கேட்பது இதுதான்: 4,000 மீட்டருக்கு மேல் தங்கும் பயணங்களில், உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கான ஓர் இரவுக்குக் கட்டணம் வேண்டாம். அப்புறம், அந்த இரவு இல்லாத திட்டத்துக்கு அனுமதியும் வேண்டாம். இப்படிச் சலுகை தருவது உங்களுக்குப் புதிதுமில்லை. 2023 ஜூனில், நான்கு நாளுக்குக் கட்டினால் மேலும் நான்கு நாள் இலவசம் என்று நீங்களே அறிவித்தீர்கள். இப்போதைய 100 டாலர் 2027 ஆகஸ்ட் வரைதானே? அடுத்த விதியை எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஓய்வு நாள் என்றால் கூடாரத்தில் சுருண்டு கிடப்பதில்லை, ட்ஸோஃபு ஏரி வரை மெதுவாக ஏறிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். அந்த ஏரியை எங்கள் ஆறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து வந்த ஒரு நடைப்பயணி