பிரிட்ஜ் பண்ணும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் பண்ணலாமா, அதாவது இரண்டு சேனலின் பவரையும் ஒன்றாகச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். பண்ணலாம். முதலில் பின்பக்கம் பிரிட்ஜ் சுவிட்ச் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் தொடாதே. ஒரு சேனலின் சிக்னலைத் தலைகீழாகத் திருப்பாமல், சும்மா இரண்டு சிவப்பு முனைக்கும் நடுவே ஸ்பீக்கரைப் போட்டால், பாடுகிறவர் குரல்தான் முதலில் காணாமல் போகும்.

லாபம் உண்டு. வோல்டேஜ் இரட்டிப்பதால் சேனலுக்கு 50 வாட்ஸ் தருவது கணக்குப்படி 200 தர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் அதற்கு ஈடு கொடுக்காது, 150 வந்தாலே பெரிது. அதுவும் காதுக்கு 5 டெசிபல்கூட இல்லை. பெரிய சப்வூஃபர் ஒன்றை ஓட்ட வேண்டுமானால் சரி. உன் அறைக்கு எதற்கு?

8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 4 ஓமாகத் தெரியும். 4 ஓம் போட்டால் 2 ஓம். கரண்ட் ஏறி ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியாது, அவுட்புட் எரிந்து போய்விடும். கோனை அடக்கிப் பிடிக்கும் டேம்பிங் பாதியாகி பேஸ் தளரும். காலேஜில் நீயே டிடிஏ 7294 ஆம்ப்ளிஃபயர் ஐசி போர்டு அசெம்பிள் பண்ணினாய், மாமா வீட்டில் இன்றும் அதுதான் பாடுகிறது. பிரிட்ஜில் அதற்கு 8 ஓமுக்குக் கீழே ஆகாது என்று அன்று நீதான் எனக்குச் சொன்னாய். இப்போது மூன்று வரியில் கேள்வி அனுப்புகிறாய், வேறு ஒரு சேதியும் இல்லை.

பிரிட்ஜ் பண்ணினால் ஒரு ஸ்பீக்கர்தான் ஓடும், தம்பி. நீங்கள் இரண்டு பேரும் கடை கடையாக ஏறி வாங்கிய ஜோடி அல்லவா அது? இன்னொன்று எங்கே? பழுது என்றால் சொல், கோன் மாற்றிக்கொள்ளலாம். அம்மா கூப்பிடும்போதெல்லாம் மருமகள் வெளியே போயிருப்பதாகச் சொல்கிறாயாம். ஆபீஸ் வேலை அதிகமாக இருக்கும்.

பிரிட்ஜில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் இருக்கும். ஒன்றுகூட எர்த்திலோ கேபினெட்டிலோ படக்கூடாது. சுவிட்ச் இல்லாவிட்டால் தொடாதே, திரும்பச் சொல்கிறேன்.

பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஸ்பீக்கரில் எத்தனை ஓம் என்று போட்டிருக்கும், அதையும் எழுது. தீபாவளிக்கு ரயில் டிக்கெட் போட வேண்டும், எத்தனை பேருக்கு என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா