பழைய ஃபைபர் பாய்மரப் படகுகளை ஆய்வு செய்யும் சர்வேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வேயர் பெருமக்களுக்கு,

வணக்கம். கண்ணாடியிழைப் படகுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். விற்பனைக்காகவோ காப்பீட்டுக்காகவோ நீங்கள் எழுதித் தரும் ஆய்வறிக்கையோடுதான் பழைய பாய்மரப் படகுகளின் உரிமையாளர்கள் என் பட்டறைக்கு வருகிறார்கள். அந்த அறிக்கைகள் பலவற்றில், “படகின் உடலில் மயிரிழை வெடிப்புகள் காணப்படுகின்றன, தோற்றம் சார்ந்தவை” என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. வெடிப்பு எந்த இடத்தில் உள்ளது, எந்தத் திசையில் ஓடுகிறது, அதற்கு நேர் உட்புறத்தில் என்ன இருக்கிறது என்பவை சொல்லப்படுவதில்லை. முதல் பாதியைப் படித்து அஞ்சி ஒருவர் நல்ல படகைக் கைவிடுகிறார். இரண்டாம் பாதியை நம்பி இன்னொருவர் கீலின் (படகின் அடியில் போல்ட்டுகளால் பூட்டிய கனத்த துடுப்பு போன்ற பகுதியின்) பிடிப்பு தளர்ந்த படகை வாங்கிவிடுகிறார். அந்த ஒற்றை வரியை விரித்து எழுதுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

கண்ணில் படும் கோடெல்லாம் வெடிப்பு ஆகிவிடாது. இந்தப் படகுகள் வெளித்தோலில் தொடங்கி உள்நோக்கிக் கட்டப்படுகின்றன: வார்ப்பு அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஜெல்கோட் என்னும் வழவழப்பான வெளிப்பூச்சை அடித்து, அது இறுகிய பிறகு பிசினில் நனைத்த மேட் என்னும் கண்ணாடியிழை விரிப்பையும் ரோவிங் என்னும் நெய்த கண்ணாடியிழைத் துணியையும் அடுக்கடுக்காகப் படிய வைக்கிறார்கள். ஆகவே அச்சில் இருந்த குறை எதுவாயினும் அது படகின் மேல் தலைகீழாகப் பதிந்துவிடும். பல படகுகளை ஈன்று களைத்த அச்சில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தால், அந்தப் பள்ளத்துக்குள் ஜெல்கோட் இறங்கி, படகின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். படகிலேயே விழுந்த வெடிப்போ பள்ளமாகத்தான் இருக்கும். கோட்டுக்குக் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடுகிறது. பிற்காலத்தில் தேய்த்து மெருகிடப்பட்ட படகில் அந்த மேடு கரைந்துபோயிருக்கலாம். அப்போது அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள பரப்பு நொடியில் காய்ந்துவிட, வெடிப்பு மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கருங்கோடாகத் தெரியும். அதே அச்சில் பிறந்த வேறொரு படகு பக்கத்தில் நின்றால், அதிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கிறதா என்று பார்ப்பதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இரண்டு பாதிகளாகச் செய்து பூட்டிய அச்சின் தடம் இன்னொரு வகை. மேல் விளிம்பு உள்வாங்கிய வடிவமுள்ள படகை ஒற்றை அச்சிலிருந்து உருவி எடுக்க முடியாது என்பதால், அச்சை நடுக்கோட்டில் பிரிக்கும்படி செய்வார்கள். பாதிகள் சேர்ந்த இடத்தில் பிதுங்கிய ஜெல்கோட்டைத் தேய்த்துவிட்டு, மேலே புதிதாக ஜெல்கோட் பூசி மறைப்பார்கள். பல ஆண்டு வெயிலில் அந்தப் பட்டை மட்டும் வேறு நிறமாக மங்கும்; சில இடங்களில் சுருங்கி, முன்தண்டிலிருந்து அடிவரை ஒரு நேர்கோட்டைக் காட்டும். நேராகவும், நடுக்கோட்டை விட்டு விலகாமலும், கிளை பிரியாமலும் ஓடும் கோட்டைக் கண்டதும் படகு இரண்டாகப் பிளக்கிறது என்று எழுதுவது அந்தப் படகுக்குச் செய்யும் அநீதி. கருநீலம் போன்ற அடர்நிறப் படகுகளில் ரோவிங்கின் நெசவு வெளியே பதிந்து தெரிவதும் அச்சமூட்டுவதன்று; வெப்பத்தில் பிசின் மேலும் இறுகிச் சுருங்குவதால் வருவது அது.

உண்மையான வெடிப்புகளின் வடிவமே காரணத்தைச் சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகவோ வட்டமாகவோ விரிந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது, உள்ளிருந்து மோதியதாகவும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று இணையாக வரிசையாக ஓடினால் அந்தப் பகுதி வளைந்து நிமிர்கிறது. பெரும்பாலும் உள்ளே ஒரு குறுக்குச்சுவர் இடைவெளியின்றி முட்டி நின்று, இளகிக் கொடுக்க வேண்டிய தோலை அந்த வரியில் மடியச் செய்கிறது. மேல்தளத்தில் வேலிக் கம்பிகளின் அடியைச் சுற்றி வரும் வெடிப்புகளை எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான பியர்சன் டிரைட்டன் போன்ற படகுகளின் உடல் கனமான முழு அடுக்காக இருந்தாலும், மேல்தளத்தின் நடுவில் பால்சா என்னும் எடை குறைந்த மரம் இருக்கிறது. அந்த வெடிப்பும் தளர்ந்த போல்ட்டின் துளையும் சேர்ந்து நீரை உள்ளே விட்டால் மரம் உளுத்துப்போகும். அத்தகைய இடத்தைத் தட்டிப் பார்த்த ஓசையையும் குறித்து வையுங்கள்.

என் பெரிய கவலை கீலைப் பற்றியது. கட்டலினா நிறுவனத்தின் படகுகளில் கீலின் முன்முனையில் வாய்விட்டுத் திறக்கும் வெடிப்பைக் ‘கட்டலினாச் சிரிப்பு’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். அது வெறும் நிரப்புப் பூச்சு பிரிந்ததாகவும் இருக்கலாம், போல்ட்டுகள் தளர்ந்ததாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. 2014 மே மாதம் சீக்கி ரஃபிகி என்ற பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 படகு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்ததில் நால்வர் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் குழு, முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குப் பின் செய்த பழுதுகளும் சேர்ந்து கீலின் பிடிப்பையும், உட்புறச் சட்டகம் உடலோடு ஒட்டிய இடத்தையும் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று கருதியது. அந்த ஒட்டு விட்டுப்போவது எளிதில் கண்ணுக்குப் புலப்படாத குறை. எனவே கீலின் பின்முனைக்கு நேர் மேலே, பில்ஜ் என்னும் படகின் உள்ளடிக் குழியில் தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்க்காமல் கீலைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுத வேண்டாம். தரைதட்டிய படகில் கீலின் பின்முனை மேல்நோக்கி இடிப்பதால், சேதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படகின் உடலில் ஊறிய ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பற்றி ஒரு சொல்: தரையேற்றிய அன்றே, செம்பு கலந்த அடிப்பூச்சின் மேல் வைத்து எடுத்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. நீர்க்கோட்டுக்கு மேலுள்ள காய்ந்த பரப்பின் எண்ணையும் அருகிலேயே எழுதினால்தான் ஒப்பிட முடியும்.

ஐயம் தீராத இடத்தில், உரிமையாளரின் எழுத்துமூல இசைவோடு, கைவிரல் நகத்தளவு ஜெல்கோட்டைச் சுரண்டிப் பார்க்கலாம். அடியிலுள்ள அடுக்கு ஒரே சீராக ஒளி ஊடுருவத் தெரிந்தால் வெடிப்பு மேல்தோலோடு நின்றுவிட்டது. இழைகளைச் சுற்றிப் பால்போல் வெளுத்திருந்தால் பிசின் இழையை விட்டுப் பிரிந்திருக்கிறது, அந்தப் பழுது உள்வரை போக வேண்டும். திறந்த இடத்தை அன்றே மூடுவதற்கான செலவு மிகச் சிறியது. அதைக் கூட அனுமதிக்காத விற்பனையாளரைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதுவது வாங்குபவருக்கு உதவியாக இருக்கும்.

இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் இடத்தையும் நீளத்தையும் திசையையும், மேடா பள்ளமா என்பதையும், உட்புறம் பார்க்கப்பட்டதா என்பதையும் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடித்துப் பொருத்திய அலமாரியோ தண்ணீர்த் தொட்டியோ மறைத்ததால் பார்க்க முடியவில்லை என்றால், “பார்க்க இயலவில்லை” என்றே எழுதுங்கள். எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த வரியிலிருந்து நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளை நம்பி வேலை செய்யும்
ஒரு ஃபைபர் படகுப் பட்டறைக்காரன்