கேஸ் தானாகத் தீராது

ஆசிரியருக்கு,

மதுரை வில்லாபுரத்தில் வயரிங் வேலை செய்கிறேன். எங்களுக்கு மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று வேண்டும், சரிதான். ஏ.சி. மெக்கானிக்குக்கோ ஸ்பேனரும் சிலிண்டரும் இருந்தால் போதும் போல. சித்திரை பிறந்தால் தெருவெல்லாம் ‘கேஸ் குறைஞ்சிருச்சு’ பேச்சுதான். அக்கா வீட்டில் போன மாதம் ஏ.சி.க்கு கேஸ் நிரப்ப 3,500 ரூபாய் வாங்கினார்கள். கசிவை யாரும் தேடவில்லை. குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குறைந்தால் எங்கோ ஓட்டை. புது ஏ.சி.க்களில் பெரும்பாலும் வரும் ஆர்-32 என்ற கேஸ் தீப்பற்றக்கூடியது வேறு. அதையும் பழைய ஏ.சி.க்களின் ஆர்-22 கேஸ் போலவே, குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்பு இல்லாமல் நிரப்புகிறார்கள். ஐ.டி.ஐ.யில் இதற்கென்றே இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. படித்தவருக்கும், கைப்பழக்கத்தில் தேறியவருக்குத் தேர்வு வைத்தும் அரசு உரிமம் தரட்டும். கசிவுச் சோதனை, ஓட்டையை அடைக்கும் பற்றவைப்பு, நிரப்பிய கேஸின் எடை எல்லாம் ரசீதில் தனித்தனியாக வரவேண்டும்.

– வில்லாபுரம் வாசகர், மதுரை