அல்சூரிலிருந்து பெரியப்பாவுக்கு

பெங்களூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் பெறாமகள் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நல்ல சுகம். அதுபோல உங்கள் சுகத்தையும் பெரியம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல். முழங்கால் வலிக்குப் பூசும் எண்ணெய் பலன் தருகிறதா என்று மறக்காமல் எழுதுங்கள்.

கிழமைதோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டாலும், சுகம் விசாரித்து முடிவதற்குள் பிள்ளைகள் வாங்கிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். போன கிழமை நீங்கள், "அங்கே வாசிக்க என்ன கிடைக்கிறது, பிள்ளை என்ன வாசிக்கிறாள்?" என்று கேட்டீர்கள். இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் தாளும் பேனையும் எடுத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் அல்சூர், ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே படைமுகாம் அமைத்தபோது அதனோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். சோமேசுவரர் கோயிலடியில் பூக்கட்டுகிற அம்மாவும் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரும் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் தொடர்ந்து கணக்கை ஆங்கிலத்தில் முடிப்பார்கள். வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டு, "நீங்க கேரளாவா?" என்று கேட்காதவர் இல்லை, இப்போது, "சிலோன் அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் கொண்டுவந்து நிறுத்தப்பட்டும் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள்தான் திறக்கப்பட்டதாம். ஒரு குறளைச் சொல்லாமல் காலைத் தேநீரைக் குடிக்காத நீங்கள் இங்கே வந்தால், முதலில் அங்கேதான் கூட்டிச்செல்வேன்.

ஏரிக்குப் பக்கத்திலேயே, 1950இல் தொடங்கப்பட்ட தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதில் நூலகமும் உண்டு. முதன்முறை உள்ளே போனபோது தமிழ்ப் புத்தகங்கள் நிறைந்த அலுமாரிகளைக் கண்டு சற்று நேரம் ஒன்றையும் எடுக்காமல் நின்றேன். நான் பிறப்பதற்கு முன்பே எரிந்துபோன யாழ்ப்பாண நூலகத்தை உங்கள் வாயால் கேட்டே அறிந்தவள் நான். 97,000 நூல்கள் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் சிறுவயதில் அது எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இங்கே ஓர் அலுமாரியின் முன்னால் நின்று, இதைப் போல எத்தனை அலுமாரி என்று மனதுக்குள் கணக்குப் போட்டபோதுதான், 1981ஆம் ஆண்டு பற்றிப் பேச்செடுத்தால் நீங்கள் ஏன் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவீர்கள் என்பது எனக்கு விளங்கியது.

கப்பன் பூங்காவுக்குள் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இன்னொரு நூலகம் இருக்கிறது. செக்கச்சிவந்த பழைய கட்டடம். சுற்றிலும் பெரிய பெரிய மரங்கள். காலையில் போனால் ஓய்வுபெற்ற பெரியவர்கள் வரிசையாக இருந்து பத்திரிகை வாசிப்பார்கள். நம் ஊர் வாசிகசாலையின் நினைவு அங்கேதான் எனக்கு மிகுதியாக வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ஒவ்வொருவரிடமும் முழுப் பத்திரிகை இருக்கிறது. நம் வாசிகசாலையிலோ ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து, முன்பக்கம் ஒருவரிடமும் நடுப்பக்கம் இன்னொருவரிடமும் விளையாட்டுச் செய்தி வாசல் வாங்கில் இருப்பவரிடமுமாகப் போய், எல்லாம் வாசித்து முடிந்த பின் தாள்களை அடுக்கிக் கம்பியில் கோப்பது உங்கள் வேலையாக இருந்தது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலத்திலும் அந்த ஒழுங்கு மாறவில்லை. தன் கையிலிருக்கும் தாளில் முக்கியமான செய்தியைக் கண்டவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் நிறுத்திக் கேட்பார்கள். வாசிகசாலை என்றால் சத்தமில்லாத இடம் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

பழைய புத்தகம் வேண்டுமென்றால் சர்ச் தெருவுக்குப் போக வேண்டும். பிளாசம் என்ற கடையில் மாடி மாடியாகப் புத்தகம். பிரிகேட் சாலைக்கு உள்ளே ஒதுங்கிய ஒரு சந்தில் 1945 முதல் நடந்துவரும் செலக்ட் என்ற கடை. பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள்தாம். ஆனாலும் ஒருநாள் அந்தப் பக்கம் சுற்றியபோது, மாஸ்கோவிலிருந்து ராதுகா பதிப்பகம் வெளியிட்ட ஒரு சிறுவர் புத்தகத்தைக் கண்டெடுத்தேன். ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மொழிபெயர்த்துத் தமிழில் வந்தவற்றை நீங்கள் எங்களுக்கு வாங்கித் தந்தீர்களே, அதே தடித்த அட்டை, அதே பளபளப்பான தாள், பனியில் நடக்கும் கரடிக்கும் கம்பளித் தொப்பி போட்ட சிறுமிக்கும் அதே நிறங்கள். மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். வாசனைகூட மாறவில்லை, பெரியப்பா. பனியைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் நாங்கள், முற்றத்து வெண்மணலைக் குவித்துப் பனி என்று விளையாடியது அந்தப் படங்களைப் பார்த்துத்தான். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து ஓட்டலில் நின்றபடியே உங்கள் மருமகனோடு பை டூ காபி குடித்தேன். ஒரு காபியை இரண்டு சிறு கோப்பைகளில் பகிர்ந்து தருவது இந்த ஊரின் வழக்கம். கேட்பவரும் கூச்சப்படுவதில்லை, கொடுப்பவரும் முகம் சுளிப்பதில்லை. உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடிக்கும் உங்களுக்கு இந்தப் பழக்கம் நிச்சயம் பிடிக்கும்.

ஆக, வாசிக்க எல்லாம் கிடைக்கிறது. கையில் இருக்கும் தொலைபேசியிலேயே, 2005இல் நம்மவர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் நம் ஊர்ப் பழைய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் நள்ளிரவில்கூடத் திறந்து பார்க்கிறேன். அவ்வளவும் இருந்தும் எனக்கு எது குறைகிறது என்று பல நாள் யோசித்தேன். அண்மையில்தான் அதற்கு விடை கிடைத்தது.

எங்கள் மேல்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய தகப்பனார் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பிறகு பாட்டி பிள்ளைகளோடு பெங்களூருக்கு வந்துவிட்டாராம். ஆடி வெள்ளியன்று அம்மனுக்குக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழை அவர் சின்ன வெங்காயத்தோடு கொண்டுவந்து தந்தார். ஆடிப்பிறப்பன்று நான் பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் போட்டுக் காய்ச்சிய நம் ஊர்க் கூழை அவருக்குக் கொடுத்திருந்தேன், அதற்குப் பதில் மரியாதை. கூழ் இனிக்குமா என்று அவருக்கு ஒரே வியப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை மகளும் நானும் பாடிக் காட்டினோம். அவர் கேட்டு மகிழ்ந்து, "உனக்குப் படிக்கிறதுல ஆசையிருந்தா மேல வா, காட்டறேன்" என்று கூட்டிப்போய் இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்தார்.

உள்ளே, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', வாரா வாரம் பிரித்துச் சேர்த்துக் கட்டிய பைண்டு புத்தகங்களாக இருந்தது. நம் வீட்டில் அப்பப்பா கட்டி வைத்த அதே தொடர், அதே மணியம் படங்கள். ஒவ்வொரு வாரத்தின் முதற்பக்க ஓரத்திலும் பாட்டியின் தகப்பனார் பென்சிலால் தேதி குறித்திருக்கிறார். கதை முடியும் பக்கத்தின் கீழே தொடர்பில்லாத ஒரு துணுக்கின் பாதி, மறுபக்கத்தில் தலைவலி மருந்து விளம்பரம் என்று நம் வீட்டுப் புத்தகத்தில் கண்ட எல்லாம் இருந்தன. நான் முதலில் தேடியது இரண்டாம் பாகத்தைத்தான். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அரிசி மூட்டைக்கு இடமில்லை என்று பெரியம்மா அழ அழ, நீங்கள் சைக்கிள் கரியரில் புத்தகப் பெட்டியைக் கட்டினீர்கள். நாவற்குழிப் பாலத்தடியில் சனநெருக்கத்தில் அசைய முடியாமல் நின்றபோது மழை பிடித்தது. சாவகச்சேரியில் பெட்டியைத் திறந்தால், இரண்டாம் பாகத்தில் கதை கோடிக்கரையிலிருந்து கடல் கடந்து நம் நாட்டுக்கு வருகிற பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் பிரிக்கக் கையோடு வந்தன. கோதுமை மாப் பசை காய்ச்சி, சாக்கு ஊசியால் தைத்து, மிஞ்சியதை நீங்கள் மறுபடியும் கட்டினீர்கள்.

மறு ஆண்டு ஊர் திரும்பிய பிறகு, மின்சாரம் இன்னும் வராத அந்த இரவுகளில்தான் எங்களுக்கு அதை வாசித்துக் காட்டினீர்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் திரியைச் செருகி ஏற்றிய அந்த விளக்கு ஒருவர் வாசிக்க மட்டுமே போதும். அதனால் வாசிப்பவர் நீங்கள், கேட்பவர்கள் விறாந்தையில் இருந்த நாங்கள் எல்லோரும், படலைக்கு வெளியே நின்று கேட்ட அயல்வீட்டு ஆச்சி உட்பட. பக்கங்கள் இல்லாத இடம் வந்தபோது நீங்கள் நிறுத்தவில்லை. புத்தகத்தை மடியில் திறந்தபடியே வைத்துக்கொண்டு, குரல் மாறாமல், தாளைத் திருப்புகிற இடைவெளிகூட விட்டு, மனதிலிருந்து சொல்லிக்கொண்டே போனீர்கள். எது அச்சில் இருந்தது, எது உங்களிடமிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. பாட்டியின் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை வரி வரியாக வாசித்தேன். பூங்குழலி படகு செலுத்துவதும் இருண்ட கடலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தப் படகில் அவள் பனங்கட்டியும் புழுக்கொடியலும் முடிந்து வைத்திருக்கவில்லை. நயினாதீவுக் கரையில் மீன்பிடிக்கும் கிழவர் ஒருவர் அவளுக்கு நீரோட்டம் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய படகுத் துடுப்பு முதிரை மரத்தில் செய்தது என்றும் எழுதியிருக்கவில்லை. பெரியப்பா, கல்கி எழுதியது மிக உயர்ந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் என் மனதில் இருக்கும் கதையில் அந்தக் கிழவர் இருக்கிறார், அவருக்கு உங்கள் குரல் இருக்கிறது. எனக்குக் குறைந்தது அதுதான். புத்தகம் எங்கும் கிடைக்கும். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதும், நாளை இரவு வரை காத்திருப்பதும், இல்லாத பக்கத்தை வாசிப்பவரே சொல்லி நிரப்புவதும் இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

பிள்ளை என்ன வாசிக்கிறாள் என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறாள். ஆங்கிலக் கதைகளைத் தானே விரைவாக வாசித்து முடித்துவிடுகிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி கீழே இறங்கி வருகிறார், நான் அந்தப் பைண்டு புத்தகத்திலிருந்து ஒரு வாரத்துப் பகுதியை மட்டும் உரக்க வாசிக்கிறேன். "அடுத்தது?" என்று பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் பாட்டி சம்மதிப்பதில்லை. தங்கவயலில் அவர்கள் ஏழு நாள் காத்திருந்தார்களாம், இவள் ஒரு நாளாவது காத்திருக்கட்டும் என்கிறார். நான் கடுமையாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் மறுநாள் மாலை அவளே வந்து பாயை விரித்து வைக்கிறாள். கதை கோடிக்கரையை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

பாட்டியின் அனுமதியோடு, உங்கள் புத்தகத்தில் அழிந்த பக்கங்களைப் படங்களோடு வண்ணப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்திலுள்ள பென்சில் தேதிகளும் தெளிவாக விழுந்திருக்கின்றன. தைப்பதற்கு வசதியாக இடப்பக்கம் தாராளமாக இடம் விடச் சொன்னேன். உங்கள் கட்டுக்கு அளவு சரியாக இருக்குமென்று நம்புகிறேன்.

இதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். நீங்கள் எங்களுக்குச் சொன்ன அந்தப் பகுதியை, நயினாதீவுக் கிழவரோடும் முதிரைத் துடுப்போடும், ஒரு கொப்பியில் எழுதித் தாருங்கள். கை நடுங்குகிறதென்றால் நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதட்டும். அவன் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை கதையைக் கோடிக்கரையிலேயே நிறுத்திவைக்கப் பாட்டி ஒப்புக்கொண்டுவிட்டார். பிள்ளைதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே தாமதிக்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புப் பெறாமகள்.