கட்டணத் தேதியை ஜூன் 20க்கு மேல் வையுங்கள்

அரசு கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அக்காள்மடம், தங்கச்சிமடம், மண்டபம் என்று பல ஊர்ப் பிள்ளைகளும் விண்ணப்பம் போட என் கடைக்குத்தான் வருகிறார்கள். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். இதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல ஏற்பாடு.

குறை தேதியில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம், தடை வேண்டியதுதான். ஆனால் உங்கள் விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு, கட்டணம் எல்லாமே பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டியேதான் வருகிறது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் அரிசி, பருப்புக்கும் பழைய கடனுக்குமே சரியாகப் போய்விடுகிறது.

போன வருஷம் ஒரு பிள்ளைக்குப் பதிவு போட உட்கார்ந்தோம். வீட்டில் இருந்த ஒரே நம்பர் அவள் அப்பாவுடையது, அவரோ தடைக்காலம் என்று கேரளாவுக்குப் போய் அங்கே ஒரு போட்டில் கடலில் இருக்கிறார். ஓடிபி அவர் போனுக்குப் போகிறது, அவருக்கு சிக்னல் இல்லை. மூன்று நாள் தினமும் சாயங்காலம் வந்து கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் அவர் கரையேறி, புதிதாக வந்த ஓடிபியைச் சொன்ன பிறகுதான் விண்ணப்பம் போனது.

அப்புறம் கலந்தாய்வில் விலங்கியல் கிடைத்தது. பணம் இன்றைக்கே கட்டணும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா அங்கேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு அடகுக்கடை தேடி நடந்தார், நானும் கூடப் போனேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே என்று கேட்பீர்கள். வரும், ஆனால் சேர்ந்த பிறகுதானே வரும்? சேருவதற்கான பணம் அதற்கு முன்னாலேயே வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கலந்தாய்வை நீங்கள் நினைத்த தேதியிலேயே நடத்துங்கள், இடத்தையும் அன்றைக்கே ஒதுக்குங்கள். கடலோர மாவட்டப் பிள்ளைகள் பணம் கட்டும் கடைசி நாளை மட்டும் ஜூன் 20க்கு மேல் தள்ளி வையுங்கள். ஜூன் 15ஆம் தேதி ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு எங்கள் போட்டுகள் கிளம்பும், முதல் தடவை பிடித்த இறாலை விற்றுப் பங்கு பிரித்ததும் பணம் வீட்டுக்கு வந்துவிடும். விண்ணப்பத்தில் இரண்டாவது போன் நம்பருக்கும் ஒரு கட்டம் கொடுத்து, ஓடிபி அதற்கும் போகிற மாதிரி செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்கா நம்பரோ, டீச்சர் நம்பரோ, என் கடை நம்பரோ, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாம்பன் ஜெராக்ஸ் கடைக்காரன்