‘இல்லை’யா, ‘மாட்டேன்’ஆ?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர்ச்சுகீசியக் கவிஞர் மனுவெல் அலெக்ரெ பற்றிய கட்டுரை வந்திருந்தது. தமிழில் இவரைப் பற்றி ஒரு பக்கம் வருவதே அபூர்வம்; வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் கட்டுரை எந்தக் கவிதையைச் சுற்றி எழுதப்பட்டதோ, அந்தக் கவிதையின் ஆண்டில் பிசகு நேர்ந்திருக்கிறது. ஆண்டு பிசகியதால் பொருளும் திரிந்துவிட்டது.

‘கடந்துபோகும் காற்றின் பாட்டு’ என்று கட்டுரையாளர் தலைப்பைப் பெயர்த்திருக்கிறார். அல்ஜீரியத் தலைநகர் அல்ஜீர்ஸில் தஞ்சம் புகுந்த கவிஞர் தாய்நாட்டை நினைத்து ஏங்கிப் பாடியது என்று விளக்கமும் தருகிறார். என் நாட்டுச் செய்தி என்ன என்று காற்றிடம் கேட்பதாகப் பாட்டு தொடங்குகிறது, அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பாடகர் அட்ரியானோ கொரெயா த ஒலிவெய்ரா இதை இசைத்தட்டில் பாடியது 1963இல். அலெக்ரெ நாட்டைவிட்டு வெளியேறியதோ 1964இல். ஆக, சொந்த மண்ணில் நின்றுகொண்டே அந்த மண்ணின் செய்தியைக் காற்றிடம் கேட்கும் பாட்டு இது. வேறு யாரிடம் கேட்பது? சர்வாதிகார ஆட்சியில் இருந்த அன்றைய போர்ச்சுகலில் நாளிதழ்கள் அச்சேறும் முன் மெய்ப்புத் தாள்கள் தணிக்கைக் குழுவுக்குப் போக வேண்டும். நீலப் பென்சில் அடித்ததை எடுத்துவிட்டுத்தான் அச்சிட முடியும். ‘தணிக்கைக் குழு பார்வையிட்டது’ என்ற வரியையும் இதழே தாங்கி வரும். 1961இல் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில் விடுதலைப் போர் மூண்டுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கோவாவும் கைவிட்டுப் போனது. காற்று துயரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று அடுத்த இரண்டு அடிகள் சொல்வதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

கேட்பவரும் சும்மா கேட்கவில்லை. 1936இல் அகெதாவில் பிறந்த அலெக்ரெ, கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதே ஆட்சிக்கு எதிரான மாணவர் இயக்கத்தில் இருந்தார். கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்டு, 1962இல் அங்கோலாவுக்கு அனுப்பப்பட்டார். 1963இல் அரசியல் போலீஸான பிடே அவரைப் பிடித்து, அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவின் சாவ் பாவ்லு கோட்டைச் சிறையில் ஆறு மாதம் அடைத்தது. லுவாந்தினு வியெய்ரா, அந்தோனியோ ஜசிந்து போன்ற அங்கோலா எழுத்தாளர்களை அவர் சந்தித்தது அந்தச் சிறையில்தான். காலனி ராணுவத்தின் சீருடையோடு போனவர், காலனிய எதிர்ப்பாளர்களோடு ஒரே சுவருக்குள் இருந்தார். கட்டுரை இதை அரை வரியில் கடந்துவிட்டது ஏன் என்று புரியவில்லை.

அடுத்தது, நூலைத் தடை செய்ததால் மக்கள் கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடினார்கள் என்ற வாக்கியம். வரிசை தலைகீழாகிவிட்டது. முதல் தொகுப்பு கொயிம்ப்ராவில் வெளிவந்தது 1965இல். காற்றுப் பாட்டு அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது. நாளிதழைப் போல நூல்களைப் பொதுவாக முன்கூட்டியே காட்ட வேண்டியதில்லை. வெளிவந்த பிறகு அச்சகத்திலும் கடைகளிலும் புகுந்து பிடே அள்ளிக்கொண்டு போகும். முதல் தொகுப்புக்கும் 1967இல் வந்த இரண்டாவது தொகுப்புக்கும் அதுதான் நடந்தது. கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் படிகள் சுற்றின. ஆனால் பாட்டைப் பறிமுதல் செய்ய வழியில்லை. மெட்டமைத்தவர் கவிஞரின் மைத்துனரும் கித்தார் கலைஞருமான அந்தோனியோ போர்ச்சுகல். (ஆம், குடும்பப் பெயரே அதுதான். அச்சுப்பிழை என்று திருத்திவிட வேண்டாம்.)

அது மனத்தில் தங்கியதற்கு யாப்பும் ஒரு காரணம். கட்டுரையாளர் இதைப் புதுக்கவிதையாக, நீளமும் குட்டையுமான வரிகளில் பெயர்த்திருக்கிறார். மூலம் அப்படி இல்லை. நாட்டுப்புறப் பாடல்களில் புழங்கும் நான்கடிப் பாட்டு அது. ஒவ்வொரு அடியிலும் ஏழு அசை. எண்ணும்போது இரண்டு விதி உண்டு: சொல்லிறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் சந்தித்தால், நாடு+இது ‘நாடிது’ ஆவதுபோல, ஒன்றாகும், கடைசி அழுத்த அசைக்குப் பின் வருவது கணக்கில் இல்லை. ‘பெர்குந்து அவ் வெந்து கெ பாஸ்ஸ’ என்ற முதலடியைத் தாளில் பிரித்தால் ஒன்பது அசை வரும். ‘பெர்குந்து’வின் கடைசி உயிர் அடுத்த சொல்லோடு சேர ஒன்று குறையும், ‘பாஸ்ஸ’வின் ஈறு கணக்கில் சேராது, ஏழு. இதோடு இயைபு: முதலடியின் ‘பாஸ்ஸ’ மூன்றாமடியில் ‘தெஷ்க்ராஸ’, இரண்டாமடியின் ‘பயீஷ்’ நான்காமடியில் ‘தீஷ்’. இரண்டு முறை கேட்டால் போதும், மனப்பாடம். சிந்தும் கும்மியும் பாடிய மொழியில் இதை இயைபில்லாமல் பெயர்த்தால், பாட்டு காகிதத்தைவிட்டு எழுந்திருக்காது.

கடைசிப் பகுதியின் மொழிபெயர்ப்புதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. மூலம் சொல்வது இது: எவ்வளவு சோகமான இரவிலும், அடிமைக் காலத்திலும், எதிர்த்து நிற்கும் ஒருவர் எப்போதும் உண்டு. ‘நாவ்ங்’ என்று சொல்லும் ஒருவர் எப்போதும் உண்டு. போர்ச்சுகீசியத்தில் அந்த ஒரு சொல் நம்முடைய ‘இல்லை’, ‘மாட்டேன்’, ‘முடியாது’, ‘வேண்டாம்’ எல்லாவற்றுக்கும் பொது. கட்டுரையில் ‘இல்லை என்று சொல்பவன்’ என்று இருக்கிறது. தமிழில் இல்லை என்று சொல்வது, கேட்டதற்குக் கையை விரிப்பது, அல்லது ஒன்றை மறுத்துரைப்பது. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்வது ‘மாட்டேன்’. மேலும் மூலத்தில் ‘அல்கேய்ங்’ என்றால் யாரோ ஒருவர். அதற்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ‘சொல்பவன்’ என்ற ஆண்பால் விகுதியை நாமாக ஒட்ட வேண்டியதில்லை.

வடக்கு அங்கோலாவின் நம்புவாங்கோங்கு பற்றிய கவிதையையும் கட்டுரை குறிப்பிடுகிறது. ‘நீண்ட’ என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது கவனக்குறைவுபோல் இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். நீண்ட என்பதற்கு அங்கே ‘லோங்கு’. ஊர்ப் பெயரின் வால் ‘கோங்கு’. ‘லோங்கு லோங்கு’ என்று அடிக்கும்போது ஊர்ப் பெயரே எதிரொலிக்கிறது. கவிஞர் செவியால் செய்ததை நாம் பொருளால் அளந்து குறை சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம். 1970இல் வெளிவந்த இசைத்தட்டில் போர்ச்சுகீசிய ஃபாடோ இசையின் அரசி அமாலியா ரொட்ரிகஸ் காற்றுப் பாட்டின் கவிதையை வேறு மெட்டில் பாடினார். மெட்டமைத்த அலேன் ஊல்மானை 1966இலேயே பிடே கைது செய்து நாடு கடத்தியிருந்தது. எழுதியவர் அல்ஜீர்ஸில் எதிர்ப்பணியின் ‘சுதந்திரத்தின் குரல்’ வானொலியில் பேசிக்கொண்டிருந்தார், இசையமைத்தவரும் நாட்டில் இல்லை, பாட்டு மட்டும் நாட்டின் மிகப் புகழ்பெற்ற குரலில் ஒலித்தது.

பிற்கால வாழ்க்கையில் இரண்டு சிறு திருத்தங்கள். அலெக்ரெ நாடு திரும்பியது சர்வாதிகாரம் வீழ்ந்த புரட்சி நாளான 1974 ஏப்ரல் 25 அன்று அல்ல, மே 2 அன்று. 2006 குடியரசுத் தலைவர் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளராக நின்றார் என்பதும் தவறு. கட்சி நிறுத்தியது மாரியோ சோரஸை. தனித்து நின்ற அலெக்ரெ 20.7 சதவீதத்துடன் இரண்டாமிடம் வந்தார், சோரஸ் 14.3 சதவீதத்துடன் மூன்றாமிடம். கட்சியின் ஆதரவோடு நின்றது 2011இல், அப்போது கிடைத்தது 19.7 சதவீதம்!

கட்டுரை நூலாக வருமானால், மற்றவற்றை விட்டாலும் 1963 என்ற ஆண்டையும் ‘மாட்டேன்’ என்ற சொல்லையும் மட்டுமாவது சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்