தோற்ற பிள்ளைகளை ஓட வைத்துத் தண்டிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளி ஹாக்கி அணிக்கு என் மகன்தான் கோல்கீப்பர். தொடர்ந்து 6 ஆட்டங்களில் தோற்றுவிட்டார்கள். கடைசித் தோல்வி முடிந்ததும் பயிற்சியாளர் எல்லோரையும் மைதானத்தை 10 சுற்று ஓட வைத்தார். காலில் கட்டிய பேடைக்கூட என் மகனைக் கழற்ற விடவில்லை. மறுநாள் 3 பையன்கள் பயிற்சிக்கே வரவில்லை.

வாங்கிய கோல்களை நான் நோட்டில் எழுதி வருகிறேன். 17 கோல்களில் 11 பெனால்டி கார்னரில் (கோல் அருகே நாம் செய்யும் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் அடி வாய்ப்பு) விழுந்தவை. அதைத் தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான் நிற்க முடியும். பந்தை நோக்கி முதலில் யார் பாய்வது, கோல் கம்பத்தை ஒட்டி யார் நிற்பது என்று பிள்ளைகளுக்கே தெரியவில்லை. தினமும் அரை மணி நேரம் இதை மட்டும் பழக்கினால் போதுமே! ஓட்டம் எதற்கு?

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அணி முதல் 3 ஆட்டங்களிலும் தோற்றது. நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவையே 1-0 என்று வீழ்த்தியது. அதே வீராங்கனைகள்தான்.

பெற்றோரும் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதை நிறுத்த வேண்டும். நானும் ஒருநாள் கத்தினேன். அன்றிரவு மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

நம் ஊரில் தெருவுக்குத் தெரு பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை வந்து இந்தப் பிள்ளைகளோடு ஸ்டிக் பிடியுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு கோல்கீப்பரின் தந்தை, கோவில்பட்டி